செவலை திரும்பிப் பார்க்காத நாள்

அந்தக் காலத்தில், மானும் நரியும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த நாளில், கடலோரப் புல்வெளி ஒன்றில் வெளிமான்கள் எக்கச்சக்கமாகப் பெருகிக் கிடந்தன. விரட்ட ஆளில்லை. புல் தலை தூக்குவதற்குள் ஏதோ ஒரு வாய் வந்து கடித்துவிடும். தரை மொட்டையடித்தாற்போல இருந்தது.

ஒருத்தி குட்டி போட்டால் மந்தையே கூடிவிடும். "மூக்கைப் பாரு, அப்படியே அப்பன் மூக்கு!" என்று ஆளுக்கொரு நக்கு நக்கிவிட்டு, பொழுதுக்கும் சுற்றி நின்று கொண்டாடும். பெற்றவளோ குட்டியை விட்டு ஓர் அடி நகரமாட்டாள். பாசம் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தார்கள்.

ஒரு கோடையில் உப்பங்கழி வற்றியது. அதைத் தாண்டி நரிகள் வந்தன. அந்தப் புல்வெளி அதுவரை நரியைக் கண்டதே இல்லை. மான்கள் பயப்படக்கூட இல்லை, பாவம். புதுசாக யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாலைப் பார்த்துச் சிரித்தன.

வளர்ந்த மானை நரியால் ஓடிப் பிடிக்க முடியாது. குட்டியைப் பிடிக்க ஓட வேண்டியதே இல்லை. முதல் மாதத்திலேயே ஏழு குட்டிகள் போயின. அதில் ஒன்று செவலை என்ற இளம் மானின் தலைச்சன் குட்டி. அவள் பக்கத்தில்தான் நின்றாள், முட்டத்தான் செய்தாள். ஒரு நரி அவளுக்கு முன்னால் போக்குக் காட்ட, இன்னொன்று பின்னால் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. பால் கட்டிய மடியோடு நாலு நாள் அதே இடத்தில் நின்றாள்.

ஐந்தாம் நாள் தண்ணீர்க் குட்டைக்குப் போனபோது அங்கே தாய் நரி குடித்துக்கொண்டிருந்தது.

"இவ்ளோ பெரிய வெளியில என் புள்ளைய எப்படிக் கண்டுபுடிச்ச?" என்று கேட்டாள் செவலை.

நரி தலை நிமிரவில்லை. "நான் எங்க கண்டுபுடிச்சேன்? நீதானே காட்டுன. நீ நின்ன எடத்தப் பாத்தேன், ஒன் கண்ணு போற தெசையப் பாத்தேன். வந்துட்டேன். வளையில எனக்கு நாலு குட்டி கெடக்கு, தாயி."

அதன் மடி வற்றித் தொங்கியது. கோபப்பட நினைத்த செவலைக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. தண்ணீர் குடிக்காமலேயே திரும்பிவிட்டாள்.

இரண்டு மழைக்காலம் போனது. மந்தை பாதியாகிவிட்டது. கடிக்க வாய் குறைந்ததும் புல்லுக்குத் தைரியம் வந்தது. முழங்காலளவு வளர்ந்தது, பிறகு வயிற்றைத் தொட்டது. அந்தப் புல்லுக்கு நடுவே நின்று செவலை நெடுநேரம் யோசித்தாள்.

மறுபடி வலி கண்டபோது யாரிடமும் சொல்லாமல் புல்லுக்குள் போய்க் குட்டி போட்டாள். வாடையே இல்லாமல் போகும்வரை அதை நக்கினாள்.

"அம்மா கூப்புடுற வரைக்கும் காதுகூட ஆடக்கூடாது, என் தங்கம்."

சொல்லிவிட்டு, கூப்பிடு தூரம் தள்ளிப் போய் மேயத் தொடங்கினாள்.

நிறைமாத வயிற்றோடு பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த வட்டக்கண்ணி என்ற மான் பதறிப்போனாள். "அடிப் பாவி! பச்சப் புள்ளையப் போட்டுட்டு மேய வந்துட்டியா? பெத்த வயிறு எரியல?"

"எரியுதுக்கா. அந்தப் பக்கம் மட்டும் பாக்காதீங்க."

அதற்குள் நரி வந்துவிட்டது. கனத்த மடியைப் பார்த்தது. செவலையின் கண்ணைப் பார்த்தது. கண் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நரி புல்லுக்குள் நுழைந்தது.

இடப்பக்கம் சரசரப்பு கேட்டது. குட்டி கிடந்ததும் அந்தப் பக்கம்தான். கயிறு கட்டி இழுப்பதுபோலக் கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. செவலை புல்லைக் கடித்தாள். சரசரப்பு நின்றது. அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து, வாயில் ஒரு வயல் எலியோடு நரி அந்தப் பக்கமாக வெளியேறி வளைக்குப் போனது.

பொழுது சாய்ந்ததும் செவலை சுற்றுவழியில் போய் மெல்லக் கூப்பிட்டாள். புல் அசைந்தது. குட்டி எழுந்து, தள்ளாடி வந்து, மடியில் முட்டி வயிறு முட்டக் குடித்தது. அப்புறம்தான் அதற்குக் கோபம் நினைவுக்கு வந்தது.

"நரி என் மூக்குகிட்ட வந்துச்சும்மா. நான் ஆடவே இல்ல. நீ ஏம்மா திரும்பிக்கூடப் பாக்கல?"

செவலை அதன் முகத்தை நக்கினாள். "பாத்திருந்தா, இப்ப ஒன்னப் பாத்திருக்க முடியாதுடா."

வட்டக்கண்ணி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு நாள் கழித்து அவளும் தனியாகப் புல்லுக்குள் போனாள்.

அன்று முதல்தான் வெளிமான்கள் குட்டியைப் புல்லில் கிடத்திவிட்டுத் தள்ளிப்போய் மேய்கின்றன. தனியாகக் கிடக்கும் மான்குட்டியை நீங்கள் கண்டால், தாயில்லாப் பிள்ளை என்று தூக்கிவிடாதீர்கள். கொஞ்ச தூரத்தில் ஒருத்தி வேறெங்கோ பார்த்தபடி நின்றுகொண்டிருப்பாள். அவள்தான் தாய்.