மருதமரத்தடியில் எலி பேசிய நாள்

ஏரிக்கரையில் பெரிய மருதமரம் ஒன்று இருந்தது. அதில் தூக்கணாங்குருவி கூடு பின்னியது. குளவி மண் குழைத்து வீடு கட்டியது. மரங்கொத்தி பொந்து குடைந்து மூன்று குஞ்சுகளை வளர்த்தது.

உச்சி வெயில் ஏறியதும் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு நிழலில் கூடும். சாப்பிட்டபடியே, தினம் ஒன்று தன் வேலையைப் பற்றிப் பேசும். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்.

ஒருநாள் எந்த மண் வெடிக்காது என்று குளவி சொன்னது. குருவி அந்த மண்ணைத் தன் கூட்டுக்குள் அப்பிப் பார்த்தது. அதன்பின் கூடு காற்றில் அவ்வளவாக ஆடவில்லை! குருவிக்கு ஒரே சந்தோஷம்.

எலி ஒன்று தவறாமல் வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்கும். மரங்கொத்திக்கு அது பிடிக்கவில்லை.

"நீ என்ன செய்கிறாய்? கூடு பின்னுகிறாயா, வீடு கட்டுகிறாயா? ஒன்றும் செய்யாதவனுக்கு இங்கே என்ன வேலை? நாளையிலிருந்து வராதே!"

எலி தலையைக் குனிந்துகொண்டு எழுந்தது.

"உட்காருங்கள், எலியண்ணே!" என்றது குருவி. "இன்றைக்கு நீங்கள் பேசுங்கள்."

"நானா? எனக்கு மண் தோண்ட மட்டும்தான் தெரியும்."

"அதையே சொல்லுங்கள்!"

எலி தயங்கித் தயங்கிப் பேசியது. "வேர் ஓரமாகத் தோண்டினால் வளை இடியாது. ஆனால் இந்த மரத்துக்கு ஏரிப் பக்கம் தோண்ட முடியவில்லை. அங்கே வேரெல்லாம் அழுகி, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறது."

எல்லாம் சாப்பிடுவதை நிறுத்தின.

"பொய்!" என்று கத்தியது மரங்கொத்தி. "ஐந்து வருடமாக இந்த மரத்தைக் கொத்துகிறேன். எனக்குத் தெரியாததா?"

"வந்து பாருங்கள்," என்றது எலி.

மரங்கொத்தி தரையில் இறங்கி, ஏரிப் பக்க வேரைக் கொத்தியது. அலகு சொதக்கென்று உள்ளே போனது. அது சட்டென்று தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தது. வடக்கே மேகம் கறுத்திருந்தது. குஞ்சுகளுக்கோ இன்னும் பறக்கத் தெரியாது!

"பயப்படாதே," என்றது குளவி. "எல்லாரும் இருக்கிறோம்."

குருவி பாதி பின்னிய கூட்டை அப்படியே விட்டுவிட்டு, குஞ்சுகளுக்கு முன்னால் கிளைக்குக் கிளை பறந்து காட்டியது. குளவி இரை தேடித் தந்தது. எலி சுற்றிலும் அலைந்து, வேர் நன்றாக இருந்த ஒரு புங்கமரத்தைக் கண்டுபிடித்தது. மூன்றாம் நாள் மாலை கடைசிக் குஞ்சும் தட்டுத்தடுமாறிப் புங்கமரத்தில் போய் இறங்கியது.

மறுநாள் விடியற்காலையில் புயல் அடித்தது. மருதமரம் வேரோடு ஏரிக்குள் சாய்ந்தது.

மழை விட்டதும் எல்லாம் புங்கமரத்தடியில் கூடின. மரங்கொத்தி ஒரு கொழுத்த புழுவை எலியின் முன்னால் வைத்தது.

"அன்றைக்கு வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன், மன்னித்துவிடு. இன்றைக்கும் நீதான் பேச வேண்டும்!"

"ஐயோ, இன்று நான் சாப்பிட மட்டும்தான் வந்தேன்!" என்றது எலி. எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன.

ஒன்றும் தெரியாதவர் என்று யாரையும் ஒதுக்காமல், எல்லோருக்கும் பேச இடம் கொடுத்துக் கேட்கிற கூட்டமே நன்றாக வாழும்.