இரண்டு சிவப்பு

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு. கோடையில் கரையெல்லாம் காய்ந்து கிடந்தாலும் அந்தத் திட்டில் மட்டும் பச்சைப் புல் இருக்கும். மான்கள் மாலையில் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் மேய்ந்துவிட்டு வரும்.

ஆனால் கரைப் பாறையில் உட்கார்ந்திருக்கும் காவல் பறவை குரல் கொடுக்காமல் ஒரு மானும் இறங்காது. மாலை வெயில் பட்டு ஆறு சிவந்தால் பறவை, "வெயில் சிவப்பு!" என்று கூவும். இறங்கலாம். மலையில் மழை பெய்து செம்மண் கரைந்து வந்தால், "மண் சிவப்பு!" என்று கூவும். பின்னாலேயே வெள்ளம் வரும் என்று அர்த்தம்.

அந்த ஆண்டு காவலுக்கு மயிலை வைத்தார்கள். அத்தனை நிறத்தை உடம்பில் சுமப்பவருக்குத் தெரியாத நிறமா என்று நம்பிவிட்டார்கள், பாவம்.

ஒரு மாலை, பெண்மான் ஒன்று தன் குட்டியோடு வந்தது. ஆறு சிவந்திருந்தது.

"மயிலாரே, எந்தச் சிவப்பு?"

மயில் தோகையைக் கோதிக்கொண்டே, "சிவப்பு" என்றது.

"அது எனக்கும் தெரிகிறது. வெயிலா, மண்ணா?"

"சிவப்பு என்றால் சிவப்புதான். ஒரே நிறத்துக்கு இரண்டு பெயர் எதற்கு? நிறத்தைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறாயா? மாலை வந்தால் ஆறு சிவக்கத்தான் செய்யும். போ, போ!"

மானுக்கு முகம் சுருங்கிவிட்டது. மேற்கொண்டு கேட்க வாய் வரவில்லை. குனிந்து ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. குட்டியோ பசி தாங்காமல் மடியை முட்டிக்கொண்டிருந்தது.

"நீ முன்னால் போ, கண்ணு. அம்மா வருகிறேன்" என்றது மான்.

குட்டி பாதி ஆற்றைக் கடந்துவிட்டது. பின்னால் இறங்கிய மானின் வாயில் தண்ணீர் தெறித்தது. நாக்கில் மண் நறநறத்தது. திடுக்கிட்டு மேற்கே பார்த்தது. வானம் முழுக்க மேகம். வெயிலே இல்லை.

"கண்ணு, திரும்பு! திரும்பி வந்துவிடு!"

குட்டி திரும்பியது. அதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. "அம்மா!" என்று ஒரே ஒரு முறை கத்தியது.

மான் எப்படியோ கரை ஏறியது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை.

பாறையிலிருந்து மயில் தொண்டை கிழியக் கூவியது: "மண் சிவப்பு! மண் சிவப்பு!"

இப்போது சரியாகத்தான் சொன்னது. கேட்க வேண்டிய குட்டிதான் இல்லை.

நீதி: பார்வைக்கு ஒன்றாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல, வேறுபாட்டை விசாரிக்காமல் சொல்பவரும், கேட்கக் கூசுபவரும் அழிவை அழைக்கிறார்கள்.