சாண் குறைந்த குழல்

"சுடும்போது நெருப்பு தெரியக் கூடாது ஆசானே. ஒரு பொட்டுக்கூடத் தெரியக் கூடாது. குழல் வாயில மாட்ட அப்படி ஒரு ஹைடர் குடுங்க."

சவரிமுத்து துப்பாக்கியை இரண்டு கையாலும் நீட்டினான். ஐம்பது வயது ஆள்.

இசக்கி ஆசான் அதை வாங்கித் தூக்கிப் பார்த்தான். சவரிமுத்துவைவிட அவன் பத்து வயது இளையவன். ஆனாலும் அந்த மலைக்காவலில் துப்பாக்கி பிடித்த அத்தனை பேருக்கும் அவன்தான் ஆசான்.

எந்த மலை, யாரோடு சண்டை என்று கேட்காதீர்கள். அங்கே இருந்தவர்களுக்கே அதைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

"என்ன வே, பஞ்சு மாதிரி இருக்கு?"

"கட்டைய இழைச்சேன். கைப்பிடியக் குடைஞ்சேன். குழல்ல ஒரு சாண் அறுத்துட்டேன்."

"குழல் குட்டையானா நெருப்பு பெருசா வரும்லா?"

"ஏத்தத்துல தூக்க முடியல ஆசானே."

அது உண்மைதான். மலையேறி ஏறி முழங்கால் தேய்ந்த காவல்காரர்களுக்கு அந்த வருடம் இதே பைத்தியம். யார் துப்பாக்கி லேசு என்று போட்டி போட்டு இழைத்தார்கள், அறுத்தார்கள். இழைக்க ஒன்றுமில்லாதவன் தோள்வாரைக் கழற்றி எறிந்தான்.

"சரி. நெருப்ப யாருக்கு மறைக்கணும்?"

"கீழ இருக்கவனுக்குத்தான். நாம இருக்க எடம் அவனுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுல்லா."

பச்சைப் பொய்.

அந்த மலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காவல்காரனுக்குச் சோறு கொண்டு ஏறி வருகிறவன், பாறை திரும்பும் இடத்தில் தூக்குவாளியைக் கல்லால் தட்ட வேண்டும். ஆள் நடமாட்டம் தெரிந்து தட்டுச் சத்தம் கேட்காவிட்டால் காவல்காரன் சுட வேண்டும்.

போன மாதம், அடைமழையில், இருட்டும் நேரத்தில் பிரமு கஞ்சி கொண்டுவந்தான். சவரி அண்ணன் சூடாகக் குடிக்கட்டும் என்று வாளியைச் சாக்கால் சுற்றியிருந்தான். தட்டியும் இருந்தான். சாக்குக்கு மேல் தட்டினால் என்ன கேட்கும்?

சவரிமுத்து சுட்டான்.

அன்று மலை முழுக்க வெடிச்சத்தம். எல்லாரும்தான் சுட்டார்கள். எதிரியின் குண்டு என்று சொல்லிப் பிரமுவுக்கு மாலை போட்டு அடக்கம் செய்தார்கள். பழைய நீளக் குழலாக இருந்திருந்தால் சவரிமுத்துவும் அதை நம்பிக்கொண்டு கிடந்திருக்கலாம். குட்டைக் குழல் கக்கிய நெருப்பில் பிரமுவின் முகம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. கையில் கல் இருந்ததும் தெரிந்தது.

பிரமு, இசக்கி ஆசானின் தம்பி.

சவரிமுத்து யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் என்றான், முதுகுப் பிடிப்பு என்றான், காவலுக்குப் போகாமல் நாளைக் கடத்தினான். இனிச் சாக்குப்போக்கு இல்லை. இன்று பொழுது சாய்ந்தால் அவன் முறை. போனால் சுட வேண்டி வரும். சுட்டால் அந்த வெளிச்சம் வரும். அதில் அந்த முகம் வரும்.

இசக்கி மூன்று ஹைடர்களை எடுத்து மேசையில் வைத்தான். விரல் நீளத்திலிருந்து சாண் நீளம் வரை இரும்புத் துண்டுகள். குழல் வாயில் திருகிவிட்டால், வெளியே பாயும் தீயை அடக்கும்.

"எது வேணும்னு நீரே பாரும்."

கொட்டகையின் கதவையும் சன்னலையும் சாத்தினான். உள்ளே கும்மிருட்டு. கோடிச் சுவரை ஒட்டி மணல்மூட்டைகள். இசக்கி பக்கச் சுவருக்கு அந்தப் புறம் போய், துளை வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முதலாவது, மூன்று விரல் விரித்தாற்போல் இருந்தது. கனமே இல்லை. சவரிமுத்து கண்ணை இறுக்கி மூடித் திறந்து, சுட்டான்.

"லேசா ஒரு மினுக்கம்," என்றான் இசக்கி.

"வேண்டாம் ஆசானே. தெரியுது."

இரண்டாவதில் பக்கவாட்டில் கீறல் கீறலாகத் திறப்பு. சுட்டான்.

"ஒண்ணும் இல்ல வே. எதுத்தாப்ல நிக்கவனுக்கு இது போதும்."

"தெரியுது."

மூன்றாவது நீளமான குப்பி. திருகியதும் துப்பாக்கியின் மூக்கு தரையைப் பார்த்துத் தொங்கியது. இழைத்ததும் குடைந்ததும் எல்லாம் வீண். சவரிமுத்துவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. சுட்டான்.

"சுத்தம். ஒரு பொட்டு இல்ல."

"தெரியுது ஆசானே."

"யாருக்கு?"

சவரிமுத்து துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

"யாருக்குத் தெரியுது வே?"

"எனக்கு."

இசக்கி உள்ளே வந்தான். சன்னலைத் திறந்தான். மருந்துப் புகை மெல்ல வெளியே போனது.

"தம்பியக் குளிப்பாட்டினது நான்தான்," என்றான். "குண்டு மேலேருந்து எறங்கியிருந்துது. எதிரி கீழல்லா இருக்கான்."

சவரிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டான். துப்பாக்கியை ஆசான் பக்கம் தள்ளினான்.

"என்னையச் சுட்டுப் போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்னால முடியல ஆசானே, என்னால முடியல."

உண்மையாகத்தான் கேட்டான். அப்படி ஒரு குண்டு வந்தால் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொள்ளும் நிலையில் இருந்தான்.

இசக்கி துப்பாக்கியை எடுத்தான். மடியில் வைத்துக்கொண்டு ஹைடரைக் கழற்றினான். மூன்றையும் பெட்டிக்குள் போட்டு மூடினான்.

"அவன் முகம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"நல்லாவா?"

"நல்லா."

"எனக்குக் காட்டும்போது அந்த முகத்துல ஒண்ணுமே இல்ல வே. மழையில கழுவிக் கெடந்துது." இசக்கி பெட்டியின் மூடியை மறுபடி அழுத்தினான். "பயந்திருப்பானோன்னு நெனச்சு நெனச்சு சாவுதேன். எப்படி இருந்தான்?"

சவரிமுத்து நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். அதுவரை அவனுக்கு அது தோன்றவே இல்லை.

"சிரிச்சான் ஆசானே. மேல நிக்கது நான்தானேன்னு சிரிச்சுக்கிட்டு வந்தான்."

இசக்கி கண்ணை மூடிக்கொண்டான். சன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு எழுந்து, வெறும் குழலோடு துப்பாக்கியைச் சவரிமுத்துவின் கையில் கொடுத்தான்.

"காவலுக்கு நேரமாச்சு. போம்."

சவரிமுத்து வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டது.

"நாளைக்கும் வாரும் வே. வந்து இன்னொரு தடவ சொல்லும்."