நூற்றுக்கு நூறு வருகை

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு நாற்பத்தாறு.

குருவின் பெயர் ஆமினா. ஒரு கல்லூரியின் ஆன்லைன் பட்டப்படிப்புக்குப் புள்ளியியல் எடுப்பவர். வாடகை வீட்டு மாடியறையில் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்துவார். சீடர் அருளப்பன், எங்கோ ஒரு சின்ன ஊரில் தீயணைப்பு வண்டி ஓட்டுபவர். குரு இந்தச் சீடரின் முகத்தைப் பார்த்ததில்லை. வகுப்பில் இருந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருவரும் கேமராவைத் திறந்ததில்லை என்பதால் அதில் வியப்பும் இல்லை.

சனி, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வகுப்பு. தொடங்கும்போது எல்லாரும் ‘பிரசன்ட் மேம்’ என்று தட்டுவார்கள். அதுதான் வருகைப் பதிவு. முடியும்போது ஆமினா, “டவுட் இருக்கா?” என்று கேட்பார். ‘நோ டவுட் மேம்’ என்று நாற்பத்திரண்டு வரிகள் விழும். அடுத்து ‘தேங்க்யூ மேம்’. அவர் கண் சிமிட்டுவதற்குள் திரை காலியாகிவிடும்.

அருளப்பன் மற்ற தாள்களை எல்லாம் எப்படியோ தேறிவிட்டார். புள்ளியியல் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. ஐந்து வாரத்தில் மூன்றாவது தேர்வு. அதிலும் போனால் பதிவு காலாவதியாகிவிடும், மூன்று வருடப் படிப்பும் போச்சு. டிகிரி கிடைத்தால் அலுவலக வேலைக்கு மாறலாம் என்று நம்பியிருந்தார். வண்டி ஓட்ட முடியாது என்று இடுப்பு சொல்ல ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது.

ஒரு நாள் அவர் ஆமினாவை வீடியோவில் அழைத்தார். நிலையத்தின் தொலைபேசி அறையில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று அங்கே உட்கார்ந்திருந்தார்.

“மேடம், ஒரே ஒரு கேள்வி.”

“கேளுங்க சார்.”

“அறுபத்துநாலு கிளாஸ். அறுபத்துநாலுலயும் நான் பிரசன்ட். நூத்துக்கு நூறு. பின்ன ஏன் மேடம் எனக்கு மட்டும் இது ஏறல?”

ஆமினா ஒரு தாளை இழுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

“ஒரு கணக்கு சொல்றேன். உங்க ஸ்டேஷனுக்கு ஒரு வாரம் வந்த ஃபயர் கால். ரெண்டு, மூணு, ஒண்ணு, ரெண்டு, முப்பத்தொண்ணு, மூணு, ரெண்டு. ‘ஒரு நாளைக்கு இத்தனை’ன்னு மேல ரிப்போர்ட் அனுப்பணும். சராசரி போடுவீங்களா, இடைநிலை போடுவீங்களா?”

அருளப்பன் நெற்றியைத் துடைத்தார். மேலே மின்விசிறியைப் பார்த்தார். அதிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“இடைநிலைதான் போடணும்” என்றது ஒரு குரல், திரைக்கு வெளியே இருந்து.

“அது யாரு?”

“பரமானந்தம் அண்ணன், மேடம். இங்க ஃபோன் டியூட்டி.”

“அவரக் கொஞ்சம் காட்டுங்க.”

அருளப்பன் செல்போனைத் திருப்பினார். ஐம்பத்தொன்பது வயதுக்காரர் ஒருவர் எழுந்து நின்று தொப்பியைத் தேடினார். பஞ்சுக் கிடங்குத் தீயில் சுவர் விழுந்து முழங்கால் போனதிலிருந்து அவருக்கு இந்த நாற்காலியும் இந்தத் தொலைபேசியும்தான் வேலை.

“உக்காருங்க சார். ஏன் இடைநிலை?”

“முப்பத்தொண்ணு தீபாவளியா இருக்கும்மா. அதையும் சேர்த்து வகுத்தா ஆறுக்கு மேல வரும். தினம் ஆறு இடத்துல தீப்பிடிக்குதுன்னு எழுதுனா யாரு நம்புவா? ஏழு நாளையும் வரிசையா வச்சு நடுவுல உள்ளத எடுக்கணும். ரெண்டு.”

“எங்க படிச்சீங்க?”

பரமானந்தம் அருளப்பனைப் பார்த்தார். அருளப்பன் ஜன்னலைப் பார்த்தார்.

“நீங்கதானம்மா சொல்லிக் குடுத்தீங்க” என்றார் பரமானந்தம்.

பிறகு அருளப்பனே சொன்னார். மணி அடித்தால் ஒரு நிமிடத்தில் வண்டி கிளம்ப வேண்டும். வகுப்பு நடுவில் விட்டுப்போகும். அதனால் செல்போனை அண்ணனிடம் கொடுத்து, ‘ஆரம்பிச்சதும் பிரசன்ட் மேம் போடுங்க, கடைசில நோ டவுட் மேம், அப்புறம் தேங்க்யூ மேம்’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

“அறுபத்துநாலு நாளும் மணி அடிச்சுதா?”

“இல்ல மேடம்.”

“அடிக்காத நாள்ல?”

“பின்னாடி வாலிபால் ஆடுவோம்.”

இடுப்பு வலி இருப்பது தெரிந்திருந்தால், அதற்கு வாலிபால் நல்லதா என்று ஆமினா கேட்டிருக்கலாம்.

பயந்தது பரமானந்தம்தான். “அம்மா, இது ஆள்மாறாட்டம்னு கேஸ் ஆயிருமா? எனக்கு ரிடையர்மெண்டுக்கு ஒரு வருஷம்கூட இல்ல. நான் வேற ஒண்ணும் பண்ணலம்மா. கடைசில என்ன போடணும்னு தம்பி சொல்லிருச்சு. கடைசி எப்ப வரும்னு தெரியாதுல்ல, அதனால முழுசும் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

ஆமினா முதல் முறையாகச் சிரித்தார்.

“கேஸெல்லாம் ஒண்ணும் இல்ல. உங்களுக்குப் பாடத்துல ஏதாவது டவுட் இருக்கா?”

“இருக்கும்மா. ரொம்ப நாளா ஒண்ணு இருக்கு.”

“கேட்டிருக்கலாம்ல?”

“எப்படிக் கேக்குறது? தம்பி நோ டவுட்னு போடச் சொல்லியிருந்துச்சே.”

அருளப்பனுக்கு முகம் சிவந்தது. அவமானம்தான், வேறு பெயர் சொல்ல ஒன்றுமில்லை. பரமானந்தம் மேசை டிராயரிலிருந்து பழைய டயரி ஒன்றை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“மாதிரி எடுத்துத் திட்ட விலக்கம் கண்டுபிடிக்கும்போது, அஞ்சு எண் இருந்தா அஞ்சால வகுக்காம நாலால வகுக்கச் சொன்னீங்க. மீதி ஒருத்தர் எங்கம்மா போனாரு?”

“நல்ல கேள்வி சார். ஞாயித்துக்கிழமை வகுப்புல இதையே எடுக்கிறேன்.”

அருளப்பன் செல்போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“மேடம், நான் தேறுவேனா?”

“ஞாயித்துக்கிழமை அவரு கேக்கட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து அவருக்காக டைப் பண்ணுங்க.”

“நான் என்ன டைப் பண்ண?”

“அவரு சொல்றத.”

அந்த ஞாயிறு அருளப்பனுக்கு ஓய்வு நாள். ஆனாலும் நிலையத்துக்கு வந்து பரமானந்தத்தின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பின்பக்கம் பந்து சத்தம் கேட்டது. இரண்டு முறை ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். ‘பிரசன்ட் மேம்’ என்று தட்டிவிட்டு, யார் பிரசன்ட் என்று அவருக்கே விளங்காமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமினா பாடத்தைத் தொடங்கினார். “அஞ்சு எண், சராசரி பத்துன்னு முன்னாடியே தெரியும். முதல் நாலு எண்ணும் என்னவா வேணும்னாலும் இருக்கலாம். அஞ்சாவது அப்படி இருக்க முடியாது. கூட்டுனா அம்பது வரணுமே, அதனால அது ஒரே இடத்துல கட்டுப்பட்டிருக்கும். சுதந்திரமா இருக்கிறது நாலுதான், அதான் நாலால வகுக்கிறோம்.”

பரமானந்தம் தொடையில் தட்டினார். “நம்ம ஸ்டேஷன் மாதிரிதான் தம்பி. ஷிஃப்டுல அஞ்சு பேர். நாலு பேர் வண்டில போயிரலாம். ஒருத்தன் ஃபோனை விட்டு நகர முடியாது. அது நான்!”

அருளப்பன் அவரைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை மாதமாகத் தான் பந்து ஆடிய நேரத்தில் அந்த அறையில் என்ன நடந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சிரிக்க வரவில்லை.

வகுப்பு முடியும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. பருத்திக்காட்டில் தீ. பரமானந்தம் ஒரு கையால் முகவரி எழுதிக்கொண்டே மறு கையால் மணியை அடித்தார். அருளப்பனின் கால்கள் தாமாக எழுந்தன. இன்றைக்கு வண்டி வேறொருவருடையது என்று நினைவு வந்து மறுபடி உட்கார்ந்தார். பரமானந்தம் தொலைபேசியில் வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

“டவுட் இருக்கா?” என்றார் ஆமினா.

வரிகள் விழ ஆரம்பித்தன. நோ டவுட் மேம். நோ டவுட் மேம். அருளப்பனின் விரலும் ‘நோ’ வரைக்கும் போனது. அதை அழித்தார். பிறகு அணைத்து வைத்திருந்த மைக்கைத் திறந்தார்.

“டவுட் இருக்கு மேடம்.”

விழுந்துகொண்டிருந்த வரிகள் நின்றன.

“பரமானந்தம் சாருக்கா?”

“அவரு ஃபோன்ல இருக்காரு. எனக்குத்தான்.” நாற்பத்தொரு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “மொத கிளாஸ்ல நடத்துனது மேடம். இடைநிலைன்னா என்ன? எனக்கு அதுலேர்ந்தே தெரியாது.”

எங்கோ ஒரு மைக்கில் யாரோ சிரித்தார்கள். ஆமினா அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மேசையில் ஒரு தாளைத் தேடி எடுத்தார்.

“ஒரு நிமிஷம் இருங்க அருளப்பன் சார். முதல்ல உங்க அட்டெண்டன்ஸ் போட்டுக்கிறேன்.”