பசு கொடுத்த ஓரெழுத்து

அந்தக் காலத்தில், விலங்குகளும் மனிதரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு விலங்கிடமும் தன் குட்டியை அழைப்பதற்கென்றே தனிச்சொல் ஒன்று இருந்தது. அதைப் பிறர் ஆள்வதில்லை. பசுவின் சொல் ‘மா’.

கடலோரப் பட்டினம் ஒன்றில், புறப்படும் கப்பலுக்குக் கட்டுச்சோற்றோடு ஒரு சொல்லையும் கொடுத்தனுப்புவது வழக்கம். ஒருமுறை மாலுமிகள் விலங்குகளிடமும் கேட்டார்கள். காக்கை பறந்துவிட்டது. ஆடு காது கேளாததுபோல் இலை மென்றது. காரி என்ற பசுதான் மனம் இளகியது.

“ஓரெழுத்துதானே, எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் அமிழ்ந்துவிடாது.”

“கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது, காரி,” என்றான் துறைக் காவலன் ஆதன்.

“கொடுத்தால் என் வாயில் இல்லாமலா போய்விடும்?”

கப்பல்கள் போயின, பல ஆண்டுகள் கழித்து வந்தன. அதற்குள் அரபு நாட்டார் அச்சொல்லைத் தண்ணீருக்கு வைத்திருந்தனர். சீனர் ஒருவகையாய் ஒலித்துத் தாய்க்கும், வேறுவகையாய் ஒலித்துக் குதிரைக்கும் வைத்திருந்தனர். வடநாட்டார்க்கு அது ‘வேண்டாம்’ என்று தடுக்கும் சொல். உள்ளூரார்க்கோ மாமரம். அயல்நாட்டு மாடுகளும் அதைக் கற்றுக்கொண்டிருந்தன.

ஒருநாள் முற்பகலில் காரியின் செவலைக் கன்றைக் காணவில்லை. காரி துறையெங்கும் “மா! மா!” என்று ஓடியது. அரபு மாலுமி ஒருவன் குடத்தோடு வந்தான். சீனன் ஒருவன் குதிரையைப் பிடித்து வந்தான். வடநாட்டு வணிகர் ஒருவர் தூக்கிய காலை ஊன்றாமல் நின்றார்.

“குதிரையை யாரய்யா கேட்டது?”

“நீதானே கூவினாய்!”

காரிக்குத் தலை சுற்றியது. தான் கேட்டது என்ன, இவர்கள் கொண்டுவருவது என்ன என்று ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குள் ஆதன் ஓடி வந்தான். “அதோ, புறப்பட நிற்கும் அந்தக் கப்பலில் ஒன்பது கன்றுகளை ஏற்றினார்கள். இப்போது பத்து நிற்கின்றன. எல்லாம் செவலை. கப்பல் தலைவன் உன் கன்றை ஒரேயொருமுறை தொட்டுக் காட்டச் சொல்கிறான். தவறினால் பாய் விரித்துவிடுவான்.”

காரி மரப்பலகை வழியே கப்பலில் ஏறி நின்று “மா” என்றது. பத்துக் கன்றுகளும் “மா” என்றன.

பாய்மரத்தின் உச்சியிலிருந்து காக்கை சிரித்தது. “கொடைவள்ளலே, பத்தும் உன் பிள்ளைகளாம். ஓட்டிக்கொண்டு போ!”

காரி மறுபடி அழைக்க வாயெடுத்தது, பின் மூடிக்கொண்டது. முதற் கன்றின் நெற்றியை முகர்ந்து நக்கியது. வைக்கோல் வாசம். இரண்டாவது வெறும் உப்பு. மூன்று, நான்கு என நகர்ந்து ஏழாவதை நக்கியபோது, நெற்றிச் சுழியில் காலையில் வழிந்து உலர்ந்த தன் பாலே நாவில் பட்டது. அந்தக் கன்று கண்ணை மூடிக் கழுத்தை நீட்டியது.

“இது,” என்றது காரி.

ஆதன் கயிற்றை அவிழ்த்தான்.

அன்று முதல்தான், எந்தப் பசுவும் ஈன்ற கன்றை முதலில் முகர்ந்து, உடல் முழுதும் நக்கி, தன்னுடையதென்று உறுதி செய்துகொண்ட பின்னரே பால் கொடுக்கிறது. ‘மா’ என்ற சொல்லையோ, யார் எதற்கு ஆண்டாலும், அது பொருட்படுத்துவதில்லை.