முரசுப்பாறையில் தொண்ணூறு நாள்

கேளுங்கள், சொல்கிறேன். எந்தக் காலம் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. ஆற்றுக்கு அணை கட்டத் தெரியாத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் ஒரு நகரம் இருந்தது. அதை ஆண்ட அரசன் கெட்டவன் இல்லை. ஆனால் தனக்கு முன்னால் இருந்தவர்கள் போட்ட சட்டம் எதையும் எடுத்துப் பார்க்காதவன்.

அந்த நகரத்துக்கு ஒரே பயம், காட்டாற்று வெள்ளம். மலையில் மழை கொட்டும். நகரத்தில் வெயில் அடிக்கும். சற்று நேரத்தில் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். அதனால் உச்சிப்பாறையில் ஒரு முரசு வைத்துக் காவலுக்கு ஆள் போட்டிருந்தார்கள். முரசு ஒரு முறை முழங்கினால், ஆறு கலங்குகிறது. இரு முறை முழங்கினால், மாடுகளை மேட்டுக்கு ஓட்டவேண்டும். மூன்று முறை முழங்கினால், எல்லோரும் ஓடவேண்டும்.

பழைய காவலனுக்குக் கண் மங்கிவிட்டது. அந்த வேலைக்குச் சேந்தன் என்பவன் வந்தான்.

களஞ்சிய அதிகாரி பூதன் சட்டத்தைச் சொன்னார். "தொண்ணூறு நாள் பாறையில் தங்கிப் பழகவேண்டும். நடுவில் இறங்கினால் மறுபடி முதல் நாள்தான். உன்னை யாரும் வந்து பார்க்கக் கூடாது. பழகும் நாட்களுக்குக் கூலி நெல் கிடையாது."

"அதுவரை எதைச் சாப்பிடுவது ஐயா?"

"கற்றுக்கொள்வது உனக்குத்தானே லாபம். அதற்குக் கூலியும் வேண்டுமா?"

சேந்தனுக்கு இருந்தது ஒரே அக்கா, கொற்றி. நெல் குத்திப் பிழைப்பவள். "போய் வா தம்பி. மூன்று மாதம்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

பழைய காவலன் மூன்று நாள் உடனிருந்து மேகத்தின் நிறத்தையும் ஆற்றின் இரைச்சலையும் சொல்லிக்கொடுத்தான். நான்காம் நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அப்புறம் அந்தப் பாறையில் சேந்தனும் முரசும் காற்றும்தான்.

வாரம் ஒருநாள் கொற்றி பாறையடியில் தொங்கும் கயிற்றில் சோற்றுக் கூடையைக் கட்டுவாள். அவன் மேலே இழுப்பான். பாறை துருத்திக்கொண்டிருந்ததால் அவள் முகம் தெரியாது. கயிறு இரண்டு தரம் அசையும். அதுதான் அவள் பேச்சு.

முதல் மாதம் கூடையில் சோறு வந்தது. இரண்டாம் மாதம் கூழ் வந்தது. மூன்றாம் மாதம் ஒரு பிடி வறுத்த தினை வந்தது. பிறகு ஒரு வாரம் கயிறு அசையவே இல்லை.

கிழக்குத் தெருக் கடைசியில் தன் வீட்டுக் கூரையை அவன் உற்றுப் பார்த்தான். அடுப்புப் புகை எழவில்லை. இறங்கிவிடலாமா என்று மூன்று தரம் எழுந்தான். இறங்கினால் அவள் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடுமே என்று மூன்று தரமும் உட்கார்ந்தான். வேலை தேடி வெளியூர் போயிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காட்டு அத்திப்பழத்தைத் தின்று நாளைக் கடத்தினான். பேச ஆளில்லாமல் அவன் குரலே அவனுக்குப் புதிதாகிப் போயிற்று.

எண்பத்தெட்டாம் நாள் உச்சிப்பொழுதில் மலைமேல் கருத்தது. ஆற்றின் இரைச்சல் மாறியது. சேந்தன் முரசை மும்மூன்று முறையாகத் திரும்பத் திரும்ப முழக்கினான். கை தோல் உரிந்தும் நிறுத்தவில்லை. ஊரே மேட்டில் ஏறியது. வெள்ளம் தெருக்களைத் துடைத்துக்கொண்டு போனது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. மேட்டில் நின்ற கூட்டத்தில் அக்காவின் உருவத்தைத் தேடினான். அது மட்டும் தென்படவில்லை.

தொண்ணூறு முடிந்து இறங்கியபோது பக்கத்து வீட்டு வெண்ணி எதிரே வந்தாள். அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உன் அக்கா கண்ணை மூடிப் பன்னிரண்டு நாளாச்சப்பா. தன் பங்கையும் உனக்கே கட்டியனுப்பினாள். உனக்குச் சொல்லக் கூடாது என்று பூதனின் ஆட்கள் தடுத்துவிட்டார்கள்."

அரசன் அவனைப் பாராட்ட அவைக்கு அழைத்தான். பூதன், "நாளை முதல் இவனுக்குக் கூலி உண்டு" என்றார்.

சேந்தன் மெதுவாகக் கேட்டான். "அரசே, அந்தத் தொண்ணூறு நாளில் நான் வேறு வேலைக்குப் போயிருக்க முடியுமா?"

"முடியாது."

"என் வீட்டுக்காவது போயிருக்க முடியுமா?"

"முடியாது."

"எண்பத்தெட்டாம் நாள் நான் அடித்தது பாடமா, வேலையா?"

அரசன் பூதனைப் பார்த்தான். பூதன் தரையைப் பார்த்தார்.

"வேலைதான்" என்றான் அரசன் கடைசியில். "தொண்ணூறு நாள் நெல்லையும் இவன் வீட்டில் இறக்குங்கள்."

"அங்கே உண்ண ஆளில்லை அரசே. அடுத்துப் பழக வருபவனின் வீட்டுக்கு முதல் நாளே அனுப்புங்கள். அவனை அவன் வீட்டார் வந்து பார்க்கவும் விடுங்கள்."

அன்றே அரசன் அப்படிச் சட்டத்தை மாற்றினான். சேந்தன் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பப் பாறைக்கே ஏறிப் போனான். கீழே அவனுக்காகக் காத்திருக்க யாரும் இல்லை.

பிள்ளைகளே, பெரியவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: வேலைக்காகப் பழகு என்று கட்டளையிட்டு ஒருவரின் நாளை எடுத்துக்கொள்பவர், அந்த நாளுக்கும் கூலி கொடுக்கவேண்டும்.