விருந்துக்கு வந்த ஓட்டுக்காரன்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். இருந்துவிட்டுப் போகட்டும். அவருடைய அரண்மனைக் கூரை ஒழுகவில்லை, ஆகையால் இந்தக் கதையில் அவருக்கு வேலையில்லை. இது கூரை ஒழுகுகிறவர்களின் கதை. பின்னால் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுகிறவர்கள் பேச்சை முடித்துக்கொண்டு கேளுங்கள்.

கடலோரத்தில் புன்னைத்துறை என்று ஓர் ஊர். ஐப்பசி பிறந்தால் போதும், அங்கே புயல் வந்துவிடும். தீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளை மாதிரி வரும், மூன்று நாள் இருக்கும், போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டு போகும். பெரும்பாலும் கூரையை.

அந்த ஊரில் உலகம்மை என்று ஒருத்தி கருவாடு விற்றுப் பிழைத்தாள். கணவன் இல்லை. ஒரே மகள் பவளம். அவளை வாய்க்காலுக்கு அக்கரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை கப்பலேறிப் போயிருந்தான். பவளத்துக்கோ நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? ஆனால் வளைகாப்பு முடிந்தும் மாமியார் பெரியநாயகி பெண்ணை அனுப்பவில்லை.

உலகம்மை போய்க் கேட்டாள். பெரியநாயகி வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள்: “போன புயலில் உங்கள் வீட்டுக் கீற்று எங்கள் முருங்கை மரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது, சம்பந்தி. அந்த வீட்டிலா என் பேரப்பிள்ளை பிறக்க வேண்டும்? பறக்காத கூரையாகப் போடுங்கள். அப்புறம் பெண்ணைக் கேளுங்கள்.”

சுருக்கென்று தைத்தது. அதில் பாதி நியாயமும் இருந்தது, அதனால் இன்னும் வலித்தது. உலகம்மை வீட்டுக்கு வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு அதே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓடு விற்கிறவர்களுக்குச் சொல்லி அனுப்பினாள்.

மூன்று பேர் வந்தார்கள்.

முதலாவது ஆள் அலங்காரம். அவனுடைய ஓட்டில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. “உங்கள் சம்பந்தி வீட்டுக்கே நான்தான் போட்டேன், அம்மா” என்றான்.

இரண்டாவது ஆள் மலையப்பன். ஒரே ஒரு ஓட்டை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். “இதைத் தூக்க என்னாலேயே முடியவில்லை. காற்றால் முடியுமா?” என்றான்.

மூன்றாவது ஆள் கூத்தையன். அவனுடையது சாதாரணச் செம்மண் ஓடு. ஓரத்தில் இரண்டு துளை. “இந்தத் துளையில் பனைநார்க் கயிறு கோத்து ஒவ்வொன்றையும் கட்டிவிடுவேன், அக்கா. காற்றுக்கு விரல் நுழைய இடம் கொடுத்தால் அது தோளையே நுழைத்துவிடும்” என்றான். பிறகு, “வேலை நடக்கும்போது மத்தியானச் சோறு உண்டா?” என்று கேட்டான்.

உலகம்மை ஓடுகளைத் தட்டிப் பார்த்தாள். மூன்றும் கணீரென்றன. தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தாள். மூன்றும் நீர் குடிக்கவில்லை. மேலே ஏறி நின்று பார்த்தாள். உலகம்மை ஒன்றும் கொடியிடையாள் இல்லை, இருந்தும் மூன்றும் உடையவில்லை.

இந்த இடத்தில்தான் நீங்களும் நானும் ஏமாறுவோம். மாதிரிக்குக் கொண்டுவருகிற ஓடு எந்தக் காலத்தில் உடைந்திருக்கிறது? பெண் பார்க்க வந்த அன்றைக்கு எந்த மாப்பிள்ளை கோபப்பட்டிருக்கிறான்? கருவாடு விற்றவளுக்கு இது தெரியும். கூடையின் மேலாக நல்ல மீனை வைப்பது அவளுக்கும் பழக்கமான சங்கதிதான்.

“என் வீடு மூன்று கட்டு” என்றாள். “ஆளுக்கு ஒரு கட்டுக்கு ஓடு போடுங்கள். ஒரு நாள் விருந்துக்குச் சொல்லி அனுப்புவேன். அவரவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து, அவரவர் போட்ட கூரைக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இலை எடுத்ததும் பணம்.”

விருந்தும் பணமும் சேர்ந்து வந்தால் யாருக்குக் கசக்கும்? அலங்காரம் சிரித்தான். மலையப்பனும் சிரித்தான். கூத்தையன் மட்டும் தலையைச் சொறிந்தான்.

“பிள்ளைகளோடுமா, அக்கா?”

“பிள்ளைகளோடும்தான்.”

முன்கட்டை அலங்காரம் போட்டான், நடுக்கட்டை மலையப்பன் போட்டான், பின்கட்டைக் கூத்தையன் போட்டான். வேலை முடிந்ததும் மற்ற இருவரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கூத்தையன் மறுநாள் காலையில் ஒரு கட்டு நாரோடு திரும்பி வந்து, மறுபடி கூரைமேல் ஏறினான். எதற்கு என்று உலகம்மை கேட்கவில்லை. கூடுதலாக ஒரு கரண்டிச் சோறு போட்டாள்.

ஐப்பசி வந்தது. ஒரு நாள் காலையில் நண்டுகள் வளையை விட்டு மேடேறின. வானம் இருண்டது. ஊரார் கட்டுமரங்களை இழுத்துக் கட்டிவிட்டுக் கதவைத் தாழ் போட்டார்கள். உலகம்மை அடுப்பை மூட்டி, வடைக்கு அரைத்து, பாயசத்தைக் கொதிக்கவிட்டாள். பிறகு மூவருக்கும் ஆள் அனுப்பினாள்: “இன்றைக்குத்தான் விருந்து.”

அலங்காரம் வானத்தைப் பார்த்தான். மனைவிக்குத் தலைவலி என்று சொல்லி அனுப்பினான். அந்த அம்மாளோ அப்போது முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

மலையப்பன் வானத்தைப் பார்த்தான். இன்றைக்குக் கிழக்கே சூலம், பயணம் ஆகாது என்று சொல்லி அனுப்பினான். சூலம் அன்றைக்கு மேற்கே இருந்தது.

கூத்தையனும் வானத்தைப் பார்த்தான். அவனும் வாசலுக்கும் திண்ணைக்குமாக இரண்டு நடை நடந்தான், பொய் சொல்வானேன்? அவன் மனைவி, “என்ன யோசனை? நீங்கள் போட்ட கூரைதானே?” என்றாள்.

“நான் போட்டதுதான். வா, பாயசம் ஆறிவிடும்” என்றான்.

மனைவி, மூன்று பிள்ளைகள், தனியே விட்டால் கத்தும் என்று ஓர் ஆட்டுக்குட்டி, எல்லோருமாக வந்து பின்கட்டில் உட்கார்ந்தார்கள். வராதவர்களுக்குப் போட்ட இலைகளையும் உலகம்மை அங்கேயே கொண்டுவந்து விரித்தாள். போட்ட இலையை வெறுமனே மடக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வடை பரிமாறும்போது காற்று வந்தது. முன்கட்டில் அலங்காரத்தின் ஓடுகளை ஏடு புரட்டுவதுபோல ஒவ்வொன்றாகப் புரட்டி எறிந்தது. நடுக்கட்டில் மலையப்பன் சொன்னது சரிதான், காற்றால் தூக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பாரத்தைத் தாங்க மரத்தாலும் முடியவில்லை. புயல் உலுக்கிய உலுக்கில் உத்தரம் முறிந்து கூரை முழுவதும் தரையில் உட்கார்ந்துவிட்டது.

பின்கட்டு முனகியது, முறுகியது, கிறீச்சிட்டது. அது கிறீச்சிடும்போதெல்லாம் பிள்ளைகள் அப்பனைப் பார்த்தார்கள். அப்பன் முடிச்சுகளைப் பார்த்தான். கூரை அசையவில்லை.

திடீரென்று காற்று ஓய்ந்தது. கடலோரத்துக்காரர்களுக்குத் தெரியும், அது போன காற்று இல்லை, மூச்சு வாங்குகிற காற்று. அந்த நேரத்தில் யாரோ பின்வாசல் கதவைத் தட்டினார்கள்.

பெரியநாயகி நின்றாள். கூடவே பவளம். மருமகள் தலைக்குமேல் ஒரு கோரைப்பாயைப் பிடித்தபடி வந்திருந்தாள் அந்த மாமியார். தான் முழுக்க நனைந்திருந்தாள்.

“எங்கள் கூரை போய்விட்டது, சம்பந்தி. இங்கே இடம் இருக்கிறதா?” என்றாள்.

முருங்கை மரத்துக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? உலகம்மையின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பாயைப் பார்த்தாள், விழுங்கிவிட்டாள்.

“இலை போட்டுத்தான் வைத்திருக்கிறேன். துணி மாற்றிக்கொண்டு உட்காருங்கள்.”

இருவரும் உட்காரும்போது எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்பி வந்தது. முன்னைவிட மோசமாக வந்தது. பரிமாறிக்கொண்டிருந்த உலகம்மையின் கை அப்படியே நின்றது. இப்போது அந்தக் கூரைக்கு அடியில் அவள் மகள் இருந்தாள், மகளுக்குள் ஒரு பிள்ளை இருந்தது. அவளும் பெரியநாயகியும் ஒருசேர மேலே பார்த்தார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு முடிச்சுகூட அவிழவில்லை.

பொழுது சாய்வதற்குள் காற்று களைத்துப் போய்விட்டது. உலகம்மை வெற்றிலை பாக்கோடு பணத்தை வைத்துக் கொடுத்தாள். “அன்றைக்கு மறுபடி எதற்கு ஏறினாய், கூத்தையா?” என்று அப்போதுதான் கேட்டாள்.

கூத்தையன் நெளிந்தான். “நிஜத்தைச் சொல்கிறேன், அக்கா. முதலில் ஓட்டுக்கு ஒரு முடிச்சுத்தான் போட்டேன். ஊர் வழக்கத்துக்கு அது போதும். என் பிள்ளைகளும் உட்காரப் போகிறார்கள் என்றீர்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் வந்து ரெட்டை முடிச்சாக்கினேன்.”

பெரியநாயகி வாய்விட்டுச் சிரித்தாள். “எங்கள் வீட்டுக்கும் நீயே போடு. முடிந்ததும் நானும் விருந்து வைக்கிறேன்” என்றாள்.

“நல்லவேளை, முதலிலேயே சொல்லிவிட்டீர்கள், அம்மா. மறுபடி ஏறி இறங்க முழங்கால் வலிக்கிறது” என்றான் கூத்தையன்.

புயலுக்கு நடுவே பிள்ளை பிறந்தது என்று நான் சொல்லப்போகிறேன் என்றுதானே காத்திருக்கிறீர்கள்? இல்லை. அந்தப் பிள்ளை வெயில் அடிக்கட்டும் என்று பொறுத்திருந்து, சாவகாசமாகப் பிறந்தது, தாய்வீட்டில், பின்கட்டில், இரண்டு பாட்டிகளும் கூட இருக்க. புன்னைத்துறையில் அதுமுதல் ஒரு வழக்கம் உண்டானது: யார் கூரை போட்டாலும், காற்றடிக்கிற நாளில் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து அதன் அடியில் சாப்பிட்டுப் போக வேண்டும்.

தன் பிள்ளையின் தலைக்குமேல் எதைப் போடுவானோ அதையே ஊரார் பிள்ளையின் தலைக்குமேலும் போடுகிறவன் எவனோ, அவன் போட்ட கூரையே புயலில் நிற்கும்.